கடல் முயல் தின்ற பாசி

ரமளான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்திற்கும் நோன்புக் கஞ்சிக்கும் அடுத்தபடியாக நம் இல்லங்களில் தவறாது இடம்பெறுவது கடற்பாசி. பாலில் காய்ச்சிச் சர்க்கரையிட்டு, ரோஜா நிறமோ பச்சை நிறமோ ஏற்றி, தட்டில் ஊற்றி உறையவைத்து, துண்டு துண்டாக நறுக்கி வைப்பார்கள் நம் தாய்மார்கள். குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்கு வீடு வராத காலத்திலேயே அது உறைந்தது. அறையின் வெப்பத்திலேயே இறுகிவிடும் இயல்பு அதற்கு உண்டு. விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் எந்த விலங்கினுடையதோ என்று தயங்கும் குடும்பங்களுக்கு, தயக்கமே தேவையற்ற ஒரு பொருளைக் கடல் தந்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மரிக்கொழுந்துப் பாசி என்றும் கஞ்சிப்பாசி என்றும் வழங்கும் பாசிகளிலிருந்துதான் இந்த உறைபொருள் காய்ச்சி எடுக்கப்படுகிறது. மண்டபம், பாம்பன் பகுதிகளில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி அதனைப் பறித்து வருவோர் பெரும்பாலும் பெண்களே.

நமக்கு முன்பாகவே அந்தப் பாசிக் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும் ஓர் உயிரி உண்டு. நத்தை இனத்தைச் சேர்ந்தது. ஆனால் முதுகில் ஓடு இல்லை. ஓட்டின் மிச்சமாக மெல்லிய தகடு ஒன்று தசைக்குள்ளே மறைந்து கிடக்கிறது. தலையில் இரண்டு உணர்கொம்புகள் முயலின் காதுகளைப் போல நிமிர்ந்து நிற்கும். உடலைக் குறுக்கிக்கொண்டு பாசியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் புல்வெளியில் அமர்ந்த முயலேதான். ஆகவே பண்டைய கிரேக்கரும் ரோமரும் அதனைக் கடல் முயல் என்றனர். அரபியரும் ‘அல்அர்னபுல் பஹ்ரீ’ என்றனர். தமிழிலும் அதுவே பெயராயிற்று. தொந்தரவு செய்தால் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மையைக் கக்கி நீரைக் கலக்கிவிடும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இவ்வினத்தில் சில வகைகள் வாழ்கின்றன.

இதைப் பற்றி எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மீன்வளக் கல்வி பயின்று வரும் நம் பகுதி இளைஞர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் வந்து கேட்டார்: “ஹஜ்ரத்! ஃபிலிப்பைன்ஸ் நாட்டில் கடல் முயலைக் கூண்டில் அடைத்து, பாசி போட்டு வளர்க்கிறார்களாம். அதன் முட்டையைத் தின்கிறார்களாம். நம் கடலிலும் பாசி இருக்கிறது, இந்த உயிரியும் இருக்கிறது. இதைத் தொழிலாகச் செய்தால் கூடுமா?” கூடும், கூடாது என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்த்து வந்தவருக்கு அன்று அது கிடைக்கவில்லை. கேள்வியின் ஆழம் அப்படிப்பட்டது. கிதாபுகளைப் புரட்டியபோது, இந்தச் சின்னஞ்சிறு உயிரியைப் பற்றி நம் முன்னோர்கள் எழுதாமல் விட்டிருக்கவில்லை என்பதைக் கண்டு வியந்தேன்.

கெய்ரோ நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 808-இல் (கி.பி. 1405) மறைந்த கமாலுத்தீன் அத்தமீரீ (ரஹ்) அவர்கள், ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் தம் பெருநூலில் பிராணிகளை அகர வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றின் இயல்பையும் மார்க்கச் சட்டத்தையும் எழுதி வைத்தார்கள். அதில் நிலத்து முயலை அடுத்துக் கடல் முயலுக்கும் ஓர் இடம் உண்டு. அது நஞ்சுடைய உயிரி, அருந்தினால் கொல்லக்கூடியது என்ற மருத்துவ மேதை இப்னு ஸீனாவின் கருத்தை எடுத்துக்காட்டி, நஞ்சின் காரணத்தால் அதனை உண்பது ஹராம் என்று முடிவு கூறுகிறார்கள். அத்துடன் ஒரு நுட்பமான விளக்கமும் தருகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு சாராரிடம் ஒரு விதி உண்டு: நிலத்தில் உண்ணத் தகுந்த பிராணிக்கு நிகரானது கடலில் இருந்தால் அதுவும் உண்ணத் தகுந்ததே என்பது அது. நிலத்து முயல் ஹலால் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. அப்படியானால் கடல் முயலும் ஹலால்தானே என்று ஒருவன் வாதிடக்கூடும் அல்லவா! அந்த வாதத்திற்கு வாயிலை அடைத்துவிட்டார்கள் தமீரீ. இங்கே ஒப்புமை பெயரில்தான் இருக்கிறதே தவிர வடிவில் இல்லை என்றார்கள். பெயரைக் கொண்டு ஹலாலைத் தீர்மானிக்காதே என்ற அந்த எச்சரிக்கை, பெட்டியின் மேல் அச்சடித்த எழுத்தை மட்டும் பார்த்து வாங்கும் நம் காலத்திற்கும் பொருந்துகிறது.

நஞ்சு என்ற எண்ணம் நம் நூல்களில் மட்டும் உள்ளதன்று. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, இந்தியக் கடலில் உள்ள கடல் முயல் தொட்டாலே தீங்கு செய்யும் என்று எழுதி வைத்தார். இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய லிபியக் கரையில் உள்ள சப்ராத்தா நகரில், அப்புலேயஸ் என்ற அறிஞர் மீது சூனியக் குற்றம் சாட்டப்பட்டபோது, அவர் கடல் முயலைத் தேடி வாங்கினார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று! ஒரு நத்தையை வாங்கியதற்காக நீதிமன்றத்தில் நின்ற மனிதர் வேறு எவரும் உண்டோ, அறியேன்.

தொட்டாலே கொல்லும் என்பது மிகை. ஆனால் உண்டால் தீங்கு நேரக்கூடும் என்பது மிகையன்று. ஜப்பானில் கடல் முயலை உண்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட ஒருவரின் நிலை 1998-இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாயிற்று. இன்னொரு பக்கம், பிஜித் தீவுகளின் மக்கள் ஒருவகைக் கடல் முயலை நெடுங்காலமாக உண்டு வருகிறார்கள். ஃபிலிப்பைன்ஸின் விசயத் தீவுகளில் அதே வகையின் முட்டை இழைகள் ‘லுகோட்’ என்ற பெயரில் சந்தையில் விற்கப்படுகின்றன. பச்சை நிறத்தில், சிக்கலான இடியாப்பம் போல இருக்கும் அதனைக் காடியும் வெங்காயமும் சேர்த்து உண்கிறார்கள். அவ்வுயிரியைக் கூண்டில் வைத்துப் பாசி கொடுத்து வளர்க்கும் முயற்சிகளும் அங்கே நடந்திருக்கின்றன. ஓரிடத்தில் நஞ்சு, ஓரிடத்தில் உணவு! இது எப்படி?

இதற்கு விடை கடல் முயலின் வயிற்றில் இருக்கிறது. அறிவியலார் கண்டது இதுதான்: அதன் பாதுகாப்புப் பொருள்களில் பலவும் தின்ற தீனியிலிருந்து வந்தவை. அது கக்கும் ஊதா மையை எடுத்துக்கொள்வோம். செம்பாசிகளில் உள்ள ஒரு நிறப்பொருளைச் செரிக்கும்போது பிரித்தெடுத்து, சிறிது மாற்றி, தன் மைப்பையில் சேமித்து வைக்கிறது. செம்பாசியை நிறுத்திவிட்டுப் பச்சைப்பாசியை மட்டும் கொடுத்து வளர்த்தால் அந்த ஊதா மையை உண்டாக்க அதனால் இயலாது. அதே உயிரிதான், அதே உடல்தான். தீனி மாறியது, மை நின்றது.

இதைவிடப் பெரிய சான்று மருத்துவ உலகில் உள்ளது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பெட்டிட் என்ற வேதியியல் அறிஞர், 1972-இல் மொரீஷியஸ் தீவின் கடலிலிருந்து கடல் முயல்களைச் சேகரித்து, புற்றுநோய் அணுக்களைக் கொல்லும் பொருளை அவற்றில் தேடத் தொடங்கினார். டன் கணக்கில் உயிரிகளைக் கரைத்து, மில்லிகிராம் கணக்கில் அப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1987-இல் வெளியிட்டார். பதினைந்து ஆண்டு உழைப்பு! டோலாஸ்டாட்டின் 10 என்று அதற்குப் பெயர். கடுமையான நஞ்சு. அதன் சாயலில் செயற்கையாக உருவாக்கிய பொருளைக் கொண்ட மருந்து ஒன்று, நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஒருவகைப் புற்றுநோய்க்கு 2011-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இடையில், 2001-இல், ஓர் உண்மை வெளிப்பட்டது. அந்த நஞ்சைப் பசிபிக் கடலில் உள்ள பலாவுத் தீவின் நீலப்பச்சைப் பாசி ஒன்றிலேயே கண்டெடுத்தார்கள். அதாவது நஞ்சைச் செய்தது பாசி. கடல் முயல் அதை மேய்ந்து தன்னுள் சேர்த்துக்கொண்டது. கடன் வாங்கிய நஞ்சைத் தன் நஞ்சென்று காட்டிக்கொண்டிருந்தது!

நம் நாட்டிலும் ஆய்வு இல்லாமல் இல்லை. முன்னோர் மஹ்மூது பந்தர் என்று அழைத்த பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒருவகைக் கடல் முயலின் ஊதா நீரிலிருந்து எச்.ஐ.வி. கிருமிக்கு எதிரான புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து 2002-இல் வெளியிட்டார்கள். அது ஆய்வுக்கூட நிலைதான். மருந்துக் கடைக்கு வந்துவிட்ட பொருளன்று.

கூண்டில் வளர்க்கும் கலை உணவுக்காக மட்டும் வளர்ந்ததன்று. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. கடல் முயலிடம் இருப்பவை சுமார் 20,000. அவற்றுள் சில, கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. ஆகவே நினைவு என்பது நரம்பில் எவ்வாறு பதிகிறது என்பதை அறிய எரிக் கேண்டல் என்ற அறிஞர் இதனைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக 2000-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆய்வுக்கு வேண்டிய உயிரிகளைக் கடலிலிருந்தே பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? 1974-இல் அவரும் தோழர்களும் ஆய்வுக்கூடத்திலேயே முட்டையிலிருந்து அதனை வளர்த்துக் காட்டினர். அதில் பெரிய தடை எது தெரியுமா? முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒரு மாதத்திற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத துகளாக நீரில் மிதந்து திரியும். பிறகு ஏற்ற செம்பாசி கிடைத்தால் அதன்மேல் அமர்ந்து உருமாறும். கிடைக்காவிடில் உருமாறாமலே மாண்டுபோகும். எல்லாப் பாசியும் அதற்குத் தொட்டிலாகிவிடாது. பிற்காலத்தில் மயாமி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பண்ணை அமைந்தது. கடல்நீர் ஓடிக்கொண்டேயிருக்கும் தொட்டிகளில் கூண்டுகளை வைத்து, கஞ்சிப்பாசியின் இனத்தைச் சேர்ந்த செம்பாசியைத் தாங்களே பயிர்செய்து தீனியாகக் கொடுத்து, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். ஆயுள் ஏறத்தாழ ஓராண்டுதான். அதற்குள் இலட்சக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு மறைந்துவிடும்.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

ஹனஃபீ மத்ஹபில் கடல்வாழ் உயிரிகளில் மீன் மட்டுமே ஆகுமானது. கடல் முயல் மீனன்று என்பது தெளிவு. ஆகவே கூண்டில் வளர்ந்தாலும் குளத்தில் வளர்ந்தாலும் ஹனஃபீகளின் உணவுத்தட்டில் அதற்கு இடமில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் கடலிலேயே வாழ்பவை பொதுவாக ஆகுமானவை. தீங்கு விளைவிப்பவையும் வேறு சில விலக்குகளும் நீங்கலாக. நண்டு முதலியன குறித்து அந்நூல்களுக்குள்ளேயே நடைபெறும் விவாதம் தனி. நம் சிட்லபாக்கம் போன்ற புறநகர்களில் கீழக்கரையிலிருந்து வந்த ஷாஃபிஈ குடும்பமும், உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த ஹனஃபீ குடும்பமும் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் வசிக்கின்றன. ஒருவீட்டுக் குழம்பை மறுவீடு பழிக்காமல் வாழப் பழகிக்கொண்டோம், அல்ஹம்து லில்லாஹ். ஃபிலிப்பைன்ஸின் தென்பகுதி முஸ்லிம்களும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்களே என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

ஆக, ஷாஃபிஈகளுக்குத் தான் இது உயிருள்ள கேள்வி. தமீரீ அவர்கள் தடைக்குக் கூறிய காரணம் நஞ்சு. காரணம் இருக்கும் இடத்தில் சட்டம் இருக்கும், காரணம் நீங்கினால் சட்டமும் நீங்கும் என்பது சட்டவியலின் அடிப்படை. நஞ்சு தீனியால் வருவதென்றால், நஞ்சற்ற பாசியைக் கொடுத்து முட்டைப் பருவத்திலிருந்தே கூண்டில் வளர்த்த கடல் முயலைப் பற்றி என்ன சொல்வது? கடலில் பிடித்ததற்கும் கூண்டில் வளர்ந்ததற்கும் ஒரே தீர்ப்புத்தானா?

தீனி மாறினால் தீர்ப்பு மாறும் என்ற கருத்து நம் ஃபிக்ஹுக்குப் புதியதன்று. ‘ஜல்லாலா’ என்னும் பாடத்தை ஓதியவர்கள் அறிவார்கள். அசுத்தத்தையே பெருந்தீனியாகத் தின்று வாழும் கால்நடைக்கும் கோழிக்கும் அப்பெயர். அதன் இறைச்சியை உண்பதையும் பாலை அருந்துவதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வந்துள்ளது. அத்தகைய பிராணியை அடைத்துவைத்துத் தூய தீனி கொடுத்து, அதன் பின்னரே உண்ண வேண்டும். ஒட்டகத்திற்கு 40 நாள், மாட்டிற்கு 30 நாள், ஆட்டிற்கு 7 நாள், கோழிக்கு 3 நாள் என்று நூல்களில் கணக்கு உண்டு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ நாட்கணக்கு முக்கியமன்று, இறைச்சியின் கெட்ட வாடை நீங்குவதே அளவுகோல் என்றார்கள். அடைத்து வைத்துத் தீனியை மாற்றுவது! கூண்டு வளர்ப்பின் தத்துவத்தை வேறு எப்படிச் சொல்வது?

இரண்டும் ஒன்றே என்று நான் கூறவில்லை. ஜல்லாலாவில் பேசப்படுவது அசுத்தம். கடல் முயலில் பேசப்படுவது நஞ்சு. பாசி அசுத்தமன்று. அசுத்தத்தின் வாடையை மூக்கு கண்டுகொள்ளும். நஞ்சை மூக்கு கண்டுகொள்ளாது. ஆகவே பின்னதற்கு ஆய்வுக்கூடத்தின் சான்று வேண்டும். கடல் முயலின் எல்லாப் பொருள்களும் தீனியால் மட்டும் வருபவையும் அல்ல. தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்பவையும் உண்டு. மை நின்றுவிட்டது என்பதால் நஞ்சு முழுவதும் நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்த வகை, எந்தப் பாசி, எந்தக் கடல், உடலின் எந்தப் பகுதி என்று தனித்தனியே சோதித்தாக வேண்டும். பிஜியில் உண்கிறார்கள் என்பது மண்டபத்துக் கடல் முயலுக்குச் சான்றாகாது.

இந்தப் பாடத்தை ஓதிக்கொடுக்கும் போதெல்லாம் என் மனம் கடலை விட்டு நம் ஊர் ஏரிக்கரைக்கு வந்துவிடும். சிட்லபாக்கம் ஏரியின் கரையில் எத்தனை ஆண்டுகள் குப்பை கொட்டப்பட்டது என்பதை இங்குள்ளோர் அறிவர். பொதுமக்கள் போராடி, தாமே இறங்கித் தூர்வாரி, பிறகு அரசும் நிதி ஒதுக்கி, ஏரி இன்று வேறு முகம் காட்டுகிறது. 2021-இல் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தும் விட்டது. ஆனால் புறநகர்த் தெருக்களில் குப்பைத் தொட்டிக்குள் தலையை நுழைத்து நிற்கும் கறவை மாடு இன்னும் மறையவில்லை. அதன் பாலை யாரோ கறக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளையோ குடிக்கிறது. கழிவுநீர் கலந்த ஏரியில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனை மலிவாகக் கிடைத்தது என்று வாங்குகிறோம். மீன் ஹலால்தான், யார் மறுத்தார்? அது எதைத் தின்றது என்று கேட்டோமா? அறுத்தவர் பிஸ்மில்லாஹ் சொன்னாரா என்று கோழிக்கடையில் விசாரிக்கிறோம், விசாரிக்க வேண்டியதுதான். அந்தக் கோழிக்கு என்ன தீனி கொடுத்தார்கள் என்று ஒருநாளும் விசாரிப்பதில்லை. திருமறை ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே கூறுகிறது. முன்னதை மனனமாக வைத்திருக்கும் நாம், பின்னதன் பொருள் ‘நல்லது, தூய்மையானது’ என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இளைஞரிடம் மறுவாரம் சொன்னவை இவை. உணவாக விற்பதற்கு, முறையான நச்சுச் சோதனை முடியும்வரை கூடாது; இதில் ஷாஃபிஈ, ஹனஃபீ வேறுபாடு பேச வேண்டியதே இல்லை. தீங்கு ஐயத்திற்குரியதாக இருக்கும் பொருளைப் பிறர் வாயில் இடுவதற்கு எந்த மத்ஹபும் வழிவிடாது. சோதனையின் முடிவு வந்த பின், அதை எடுத்துக்கொண்டு ஷாஃபிஈ ஃபிக்ஹில் ஆழ்ந்த முஃப்திகளிடம் செல்லட்டும். தீர்ப்பு அவர்களுடையது, என்னுடையதன்று. ஆய்வுக்கூடங்களுக்காகவும் மருந்து ஆய்வுக்காகவும் வளர்ப்பது வேறு விஷயம். உண்பதற்கு ஆகாத பொருளெல்லாம் வளர்ப்பதற்கும் விற்பதற்கும் ஆகாது என்றில்லை. பயனுள்ள, தூய்மையான பொருளாயின் வணிகத்திற்கு வழியுண்டு. இந்தப் பதிலில் அவர் முகம் சற்றே மலர்ந்தது.

“பாசிக்கு எங்கே போவாய்?” என்று நான் திருப்பிக் கேட்டேன். கூண்டில் இருக்கும் உயிரி நாள்தோறும் தின்னும். கடலில் விளைந்ததைப் பறித்துப் போடுவதென்றால், அது அந்தப் பெண்கள் மூச்சடக்கிப் பறிக்கும் பாசி. அவர்களுக்கே பாசி குறைந்து வருகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அங்கே செல்லவும் தடை. பயிர் செய்த பாசி என்றால், அதிலும் ஒரு வரலாறு உண்டு. வெளிநாட்டுப் பாசி ஒன்று 1990-களின் நடுவில் மண்டபத்தில் சோதனையாக நடப்பட்டு, பின்னர் பெரிய குளிர்பான நிறுவனத்தின் ஆதரவில் பரவி, மக்கள் வாயில் ‘பெப்சி பாசி’ ஆயிற்று. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது; 2008-இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகளின் மேல் அது படர்ந்திருப்பதும் கண்டறியப்பட்டது. 2021-இல் ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கையில் தமிழகத்திற்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கஞ்சிப்பாசி நம் கடலுக்கே உரியது. அதனைக் கயிற்றில் கட்டி வளர்க்கவும் முடியும். அந்தப் பெண்களிடமே விலை கொடுத்து வாங்குவதாகத் திட்டம் போடு என்றேன். குறித்துக்கொண்டார். கோவளம் சென்று அங்குள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கள ஆய்வகத்தில் விசாரித்து வருவதாகவும் கூறிச் சென்றார்.

இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கடல் முயல் கிடக்கட்டும் ஹஜ்ரத்! இறால் மீனா இல்லையா? அதைச் சொல்லுங்கள்” என்றார். ஹனஃபீ அறிஞர்களிடையே நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கு அது. பண்ணை இறாலுக்குக் கொடுக்கும் தீனியைப் பற்றியும் அதோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.